உதவி தேவை: திரையில் மீன் தெரிகிறது, கிராப்பி கடிக்கவே இல்லை

பிளானோக்காரன் | 14 ஜனவரி 2019, இரவு 10:42

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். சனிக்கிழமை முழுக்க அப்பாவும் நானும் படகில் இருந்தோம், ஒரு கிராப்பிகூட (இங்கே கிடைக்கும் நன்னீர் மீன்) கடிக்கவில்லை. ஃபிஷ் ஃபைண்டரில் (ஒலி அலையால் மீனைக் காட்டும் கருவி) மீன் கொத்துக் கொத்தாகத் தெரிகிறது. கொஞ்சம் தள்ளி நின்ற படகில் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஜிக் (பாரம் வைத்த முள்ளில் மாட்டிய ரப்பர் இரை) நிறத்தை மாற்றி மாற்றிப் போட்டும் பலனில்லை. அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், மாதக் கடைசியில் கிளம்புகிறார். வரும் லாங் வீக்கெண்டில் ஒரு மீனாவது அவர் கையால் பிடித்துவிட வேண்டும். எந்த நிறம் போடலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மீன்கொத்தி | இரவு 10:58

எந்த ஏரி? மொத்த ஆழம் எவ்வளவு, மீன் எத்தனை அடியில் நின்றது? தண்ணீரின் வெப்பநிலை என்ன? திரையின் மூலையிலேயே காட்டுமே. இதெல்லாம் தெரியாமல் நிறம் சொல்லிப் பயனில்லை.

சபைன்ஆறு | இரவு 11:06

ஜிக்கின் எடை, நரம்பின் தடிமன் இரண்டையும் எழுதுங்கள். படகை ஒரே இடத்தில் நிறுத்தினீர்களா, காற்றோடு விட்டீர்களா என்பதும் தெரிய வேண்டும்.

தக்கைப்பார்வை | இரவு 11:20

மற்றவர்கள் என்ன சொன்னாலும் சரி, ஜனவரியில் ரப்பர் ஜிக்கை மூடி வையுங்கள். உயிருள்ள மின்னோ என்ற குட்டி மீன்தான் இரை. தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் மீனின் உடம்பே மந்தமாகிவிடும், துரத்திப் பிடிக்காது. எதிரே நின்று துடிக்கிற இரையைத்தான் வாயில் வாங்கும். ஏரிக்கரை மரினாக்களில் டஜன் கணக்கில் விற்பார்கள். சிறியதாகப் பார்த்து வாங்குங்கள். 4ஆம் எண் மெல்லிய கம்பி முள்ளை இரண்டு உதடும் சேரக் கீழிருந்து மேலாகக் குத்தினால் வெகுநேரம் உயிரோடு நீந்தும். தக்கை போட்டால் அப்பாவுக்கும் பழக்கமான வேலையாக இருக்கும்.

கரையோரன் | 15 ஜனவரி, காலை 6:15

இதே கேள்வி ஒவ்வொரு ஜனவரியிலும் இங்கே வருகிறது. ஏரியின் பெயர்கூடச் சொல்லாமல் நிறம் கேட்பவருக்கு என்ன பதில் எழுதுவது? பருவம், ஆழம், இரைமீன் நிற்கும் இடம், இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் படகை நீரில் இறக்க வேண்டும். பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். தக்கைப்பார்வைக்கும் ஒரு சொல்: 30 அடி ஆழத்தில் நரம்பில் அசையாமல் நிற்கும் நிலைத்தக்கை வேலைக்கு ஆகாது. நரம்பில் நகரும் வழுக்குத் தக்கையும், அதை வேண்டிய ஆழத்தில் தடுக்கும் நூல் முடிச்சும் வேண்டும். பாதி விஷயம் சொல்லிப் புதியவரைக் குழப்பாதீர்கள்.

தக்கைப்பார்வை | காலை 7:02

வழுக்குத் தக்கையைத்தான் சொன்னேன். 30 அடியில் வேறு எதைப் போடுவார்கள்?

பிளானோக்காரன் | பகல் 12:31

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். ஏரி டெக்சஸில் இருக்கும் லேக் ஃபோர்க். மொத்த ஆழம் 40 அடி, மீன் 28 அடி வாக்கில். ஜிக் 1/32 அவுன்ஸ். சின்னதாக இருந்தால் கடிக்கும் என்று கடையில் சொன்னார்கள். நரம்பு 10 பவுண்டு இழுவை தாங்குவது. காற்று கொஞ்சம் இருந்தது, படகு மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. வெப்பநிலை பார்க்கவில்லை. பட்டமரங்கள் நிறைய நின்ற இடம்.

சபைன்ஆறு | மாலை 5:48

இப்போது விளங்குகிறது. நிறத்தில் ஒன்றும் இல்லை. உங்கள் ஜிக் மீன் இருக்கும் ஆழத்துக்குப் போய்ச் சேரவே இல்லை என்று நினைக்கிறேன்.

1/32 அவுன்ஸ் என்பது ஒரு கிராமுக்கும் குறைவு. 10 பவுண்டு நரம்பு அதற்கு மிகத் தடிமன். படகு நகரும்போது தண்ணீர் அந்த நரம்பைப் பிடித்துத் தள்ளும், நரம்பு வில்லாக வளையும். 28 அடி விட்டோம் என்று கணக்கு வைத்திருப்பீர்கள், ஜிக் 15 அடியில் சாய்ந்து வந்துகொண்டிருக்கும். அடுத்த படகில் இழுத்தவர்கள் பெரும்பாலும் நங்கூரம் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் ட்ரோலிங் மோட்டாரில் (சின்ன மின்மோட்டார்) படகை ஒரே இடத்தில் பூட்டி நிறுத்தியிருப்பார்கள்.

இந்த வாரம் இப்படிச் செய்து பாருங்கள். ஜிக் 1/8 அவுன்ஸ் எடுங்கள். காற்று துளியும் இல்லாவிட்டால் 1/16 போதும். நரம்பு 6 பவுண்டு ஃப்ளோரோகார்பன். அங்கே பட்டமரம் அதிகம் என்பதால் 4 பவுண்டு வேண்டாம், அறுந்துகொண்டே இருக்கும். படகின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி முன்னும் பின்னும் கட்டி நிறுத்துங்கள். நரம்பு கம்பின் நுனியிலிருந்து நேர் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்தால் அந்த இடத்தில் கணக்கு எதுவும் செல்லாது.

அப்புறம் முக்கியமான விஷயம். மீன் 28 அடியில் நின்றால் இரையை 28 அடியில் விடாதீர்கள், 26 அடியில் நிறுத்துங்கள். கிராப்பி மேலே பார்த்து, மேலே ஏறித்தான் இரை எடுக்கும். தனக்குக் கீழே போய்விட்ட இரையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஓரடி கீழே விட்டால் நாள் முழுக்க வெறுங்கை, ஓரடி மேலே விட்டால் கடி.

திரையையும் சரியாகப் படிக்க வேண்டும். கருவியின் ஒலி கூம்பு மாதிரி விரிந்துதான் இறங்கும். 20 டிகிரி கூம்பு என்றால் 40 அடி ஆழத்தில் சுமார் 14 அடி அகல வட்டத்தை அது பார்க்கிறது. அதனால் அந்த மீன்கள் உங்கள் காலடியில்தான் இருக்கின்றன என்று சொல்ல முடியாது. வட்டத்தின் ஓரத்தில் நிற்கும் மீன் உள்ளதைவிட ஆழத்தில் இருப்பதாகவும் காட்டும். இரண்டடி மேலே வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆழத்தை அளக்கச் சுலபமான வழி: ஜிக் தரையைத் தொட விடுங்கள், நரம்பு தளரும். அங்கிருந்து ரீலைச் சுற்றி ஏற்றுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்பதை வீட்டிலேயே நரம்பை இழுத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சரியான ஆழம் கிடைத்ததும் நரம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டால் அப்பா கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

ஜிக்கை ஆட்டாதீர்கள். கையை அசையாமல் பிடித்தாலே படகின் அசைவு போதும். குளிரில் 'டொக்' என்ற இழுப்பை எதிர்பார்க்க வேண்டாம். பாதி நேரம் மீன் இரையைக் கவ்விக்கொண்டு மேலே ஏறும், நரம்பு திடீரென்று தளரும். அதுவும் கடிதான். உடனே கம்பை மெல்ல உயர்த்துங்கள், வெட்டி இழுக்காதீர்கள். அதன் வாய் காகிதம் மாதிரி கிழிந்துவிடும்.

ஸ்கார்பரோ தங்கூசி | இரவு 8:10

கனடாவிலிருந்து எழுதுறன். நாங்கள் ஸ்கூகாக் ஏரியில் பனிக்கட்டிக்கு மேல நின்று கிராப்பி பிடிக்கிறனாங்கள். அங்கயும் இதே கதைதான், மீனுக்கு மேலதான் இரை நிற்க வேணும். ஆனால் நான் பாரம் கூடின ஜிக் போட மாட்டன். மெல்லிய தங்கூசி (நீங்கள் சொல்லுற நரம்பு), ஆகச் சின்ன ஜிக், அதில ஒரு புழு. பாரம் கூடினால் மீன் வாயில எடுத்த உடனே துப்பிப் போடும். நரம்பைத்தான் முதலில் மாத்திப் பாருங்கோ.

கரையோரன் | இரவு 8:34

பனிக்கட்டி மேல் நிற்பவருக்குக் காற்றும் இல்லை, படகும் நகராது. அந்த அனுபவத்தை டெக்சஸ் ஏரிக்குக் கொண்டுவரக் கூடாது. அவருக்கு இப்போது எடைதான் முதல் பிரச்சினை.

ஸ்கார்பரோ தங்கூசி | இரவு 8:51

காற்றைப் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்ளுறன். ஆனால் மீன் ஒரே மீன்தானே அண்ணை. படகை ஆடாமல் நிறுத்தினால் சின்ன ஜிக்கும் இறங்கும். மேல ஒரு அடியில சின்ன ஈயக்குண்டு ஒன்றைக் கடிச்சு விட்டால் காணும்.

சபைன்ஆறு | இரவு 9:05

ஈயக்குண்டு யோசனை நல்லது. 1/8 அவுன்ஸில் மீன் துப்புவதாகத் தெரிந்தால் அப்படியே செய்யுங்கள்.

மீன்கொத்தி | இரவு 9:22

இன்னொரு சாத்தியம்: நீங்கள் பார்த்தது கிராப்பியாகவே இல்லாமல் இருக்கலாம். திரையில் மேகம் மாதிரி திரண்டு தெரிந்தால் அது ஷாட் என்ற இரைமீன் கூட்டம். மரத்தை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனிப் புள்ளியாக நின்றால் கிராப்பி. மரத்தில் எதுவும் இல்லையென்றால் 154ஆம் நெடுஞ்சாலைப் பாலம், 515 பாலம் இரண்டின் தூண்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தூணுக்கு அருகே பழைய ஓடைப் பள்ளம் வந்து சேரும் இடம் எதுவோ, அங்கே நில்லுங்கள்.

சின்னது கிடைத்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். 10 அங்குலம் இல்லாததை வைத்துக்கொள்ளக் கூடாது.

சபைன்ஆறு | இரவு 9:30

இல்லை. ஃபோர்க்கில் இப்போது விதியே வேறு. டெக்சஸ் முழுவதற்கும் பொது விதி 10 அங்குலம், ஆளுக்கு 25 என்பது உண்மை. ஆனால் லேக் ஃபோர்க், லேக் ஓ தி பைன்ஸ் இரண்டிலும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை நீள வரம்பு கிடையாது. பிடித்த கிராப்பி அத்தனையையும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். சின்னதை விட்டால்தான் சட்டமீறல். 25 ஆனதும் கிராப்பி பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும்.

அடுப்படி | இரவு 9:47

ஏழு அங்குலக் குஞ்சையும் கொல்லச் சொல்வது என்ன விதி? ஊரில் குளம் அழிக்கும்போதுகூடக் குஞ்சைத் திருப்பி விடுவார்கள். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சபைன்ஆறு | இரவு 10:15

கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும், ஆனால் காரணம் மீன் பக்கம் இருக்கிறது. கிராப்பியின் காற்றுப்பை மூடியது. உள்ளே இருக்கும் காற்றை அதனால் சட்டென்று வெளியேற்ற முடியாது. நன்னீரில் 34 அடி இறங்கினால் அழுத்தம் மேல்மட்டத்தைப் போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்றும் இரண்டு மடங்காக விரியும். வயிறு உப்பும், சில நேரம் இரைப்பை வாய்வழியே தள்ளும். நாம் விட்டுவிட்டோம் என்று நிம்மதியாகத் திரும்புவோம், அது பறவைக்குத்தான் போகும். 25 பெரிய மீனுக்காக 60 சின்ன மீனைப் பிடித்து விட்டால் செத்தது 85. முதல் 25-ஐயே எடு, போ என்றால் 25-தான்.

அடுப்படி | இரவு 10:28

காரணம் புரிகிறது. அப்படியென்றால் குளிர்காலத்தில் அந்த ஆழத்தில் பிடிப்பதையே தடை செய்திருக்கலாமே? 20 அடிக்கு மேலே நிற்கும் மீனை மட்டும் தேடினால் போதாதா?

கரையோரன் | இரவு 10:40

அது அதிகாரிகள் யோசிக்க வேண்டிய விஷயம். என்னைக் கேட்டால் ஏரியைக் காலி செய்யப்போவது இப்போது வந்திருக்கும் லைவ் சோனார்தான். போன வருடம் வந்த கார்மின் லைவ்ஸ்கோப்பை மாட்டியவர்கள் நீந்துகிற மீனை நேரடியாகப் பார்த்து, அதன் மூக்குக்கு நேரே இரையை இறக்குகிறார்கள். இது மீன்பிடி இல்லை.

மீன்கொத்தி | இரவு 10:52

சாதாரண ஃபிஷ் ஃபைண்டர் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். பார்த்த மீன் எல்லாம் கடித்துவிடுவதில்லை. வரம்பு 25 என்றால் எந்தக் கருவி இருந்தாலும் 25-தான்.

கரையோரன் | இரவு 11:03

வரம்பு ஆளுக்குத்தான், ஏரிக்கு இல்லை. வாரத்துக்கு ஒருவர் வரம்பை எட்டிய இடத்தில் இனி பத்துப் பேர் எட்டுவார்கள். எண்ணிப் பாருங்கள்.

தக்கைப்பார்வை | 16 ஜனவரி, காலை 6:50

கேள்வி கேட்டவரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அவருக்கு ஒன்று சொல்கிறேன்: மின்னோ போடும்போது ரீலின் இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள். டெக்சஸின் மிகப் பெரிய லார்ஜ்மௌத் பாஸ் மீன், 18.18 பவுண்டு, இதே ஃபோர்க்கில் 1992 ஜனவரியில் கிடைத்தது. பிடித்த பேரி செயின்ட் கிளேர் அன்று கிராப்பிக்குத்தான் மின்னோ போட்டிருந்தார். மெல்லிய நரம்பில் என்ன வந்து மாட்டும் என்று சொல்லவே முடியாது. ஜிக் போட்டு இந்தச் சாதனை வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அடுப்படி | காலை 7:30

அப்பாவுக்கு லைசென்ஸ் எடுத்தீர்களா? வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஒருநாள் லைசென்ஸ் உண்டு. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும், ஆனால் அப்பாவைப் போட்டுக்கொண்டே உட்காரச் சொல்லுங்கள். 50 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு வாங்கிவிடும், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் கை கால் ஓடாது. பட்டமரங்களுக்கு நடுவே வேகமாக ஓட்டாதீர்கள். மிதவை போட்டுக் குறித்த படகுப் பாதையிலேயே போங்கள்.

மீன் கிடைத்தால் தோலுரித்துச் சதையை மட்டும் எடுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, அரிசிமாவு போதும். சதை மென்மையானது, குழம்பில் போட்டால் கரைந்துவிடும்.

மீன்கொத்தி | 19 ஜனவரி, மாலை 4:05

இன்று வடக்குக் காற்று பலமாக இருக்கிறது. @பிளானோக்காரன், இன்று போகாதீர்கள். திங்கள்வரை பொறுங்கள்.

சபைன்ஆறு | 22 ஜனவரி, இரவு 9:12

@பிளானோக்காரன், போனீர்களா? என்ன ஆயிற்று?

பிளானோக்காரன் | 24 ஜனவரி, இரவு 11:37

மன்னிக்கவும், வேலை அதிகம். திங்கள் போனோம். அப்பாவுக்கு லைசென்ஸ் எடுத்தாயிற்று, ஜாக்கெட்டும் கடைசிவரை கழற்றவில்லை. 1/8 அவுன்ஸ், 6 பவுண்டு நரம்பு, பாலத்தூணை ஒட்டிப் படகைக் கட்டினோம். தண்ணீர் 49 டிகிரி. மீன் 30 அடியில், கோடு போட்டது 27-இல். அப்பா 6, நான் 2. அப்பாவின் எல்லாமே மின்னோவில்தான். அந்தத் தளர்கிற கடியை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். எட்டையும் வைத்துக்கொண்டோம். எல்லோருக்கும் நன்றி.

தக்கைப்பார்வை | 25 ஜனவரி, காலை 6:20

மின்னோ!

சபைன்ஆறு | காலை 7:45

மிக்க மகிழ்ச்சி. உங்கள் ஜிக்கில் வந்த இரண்டும் எத்தனை அடியில் கடித்தன, அதே 27-இலா? பிப்ரவரி நடுவில் தண்ணீர் சூடேறத் தொடங்கினால் மீன் ஓடை வாய்களை நோக்கி நகரும். இந்த எண்களைக் குறித்து வைத்திருங்கள்.

ஏரிப்புதுசு | 2 பிப்ரவரி, இரவு 8:18

எனக்கும் இதே பிரச்சினை. ஒன்றும் கடிக்கவில்லை. எந்த நிறம் நல்லது?

மீன்கொத்தி | இரவு 8:25

எந்த ஏரி? எத்தனை அடி ஆழம்?