ஸ்லைடை இழுக்கவே முடியல, எந்த பிஸ்டல் வாங்கலாம்?

கேட்டி அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில இருக்கோம், எனக்கு 58 வயசு, ரெண்டு கட்டைவிரல் அடியிலயும் ஆர்த்ரைட்டிஸ், ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கக்கூட வீட்டுக்காரரைக் கூப்பிடணும். அவர் வேலை விஷயமா மாசத்துல ரெண்டு வாரம் வெளியூர் போயிடுவார், அதனால அவரோட க்ளாக் 19 பிஸ்டலை நானும் பழகிக்கலாமேன்னு சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் போனா ஸ்லைடு, அதான் தோட்டாவை உள்ள ஏத்தப் பின்னாடி இழுக்கற மேல் பாகம், பாதி தூரம்கூட வரல, கை வீங்கினதுதான் மிச்சம். துப்பாக்கிக் கடையில ஒரு பையன் "உங்களுக்கு ரிவால்வர்தான் மேடம், இழுக்கற வேலையே இல்ல"ன்னு கைக்குள்ள அடங்கற மாதிரி ஒண்ணு காட்டினான். பிங்க் கைப்பிடி, கையில வெச்சிருக்கறதே தெரியல, அவ்ளோ லேசு. வாங்கிடலாமா? வெளிய எடுத்துட்டுப் போற எண்ணம் இல்ல, வீட்டுக்கு மட்டும்தான்.

ஞாயிறு ரேஞ்ச்:
அக்கா, அவசரப்படாதீங்க. மறுபடி அந்தக் கடைக்குப் போய், உள்ள தோட்டா இல்லன்னு பாத்துட்டு, அவங்ககிட்ட கேட்டுட்டு அந்த ரிவால்வர் ட்ரிகரைப் பத்து தடவை விடாம இழுத்துப் பாருங்க. ஸ்லைடு இல்லதான், ஆனா தோட்டா இருக்கற சிலிண்டரைச் சுத்தறதும், தோட்டாவை அடிக்கற சுத்தியான ஹேமரைப் பின்னாடி தள்றதும் உங்க ஆள்காட்டி விரல்தான், ஒவ்வொரு தோட்டாவுக்கும் 10, 12 பவுண்டு, அதாவது அஞ்சு கிலோ அரிசிப் பையை ஒத்த விரல்ல தூக்கற கதை. ஹேமரை முன்னாடியே இழுத்து வெச்சுட்டா லேசாயிடும்பாங்க, அதை இழுக்கறது எது, நோகுற அதே கட்டைவிரல்தானே.

இன்னொண்ணு, லேசா இருக்கறதைப் பாத்து மயங்கிடாதீங்க. ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியில போட்டா அந்தக் கனமே உதையை வாங்கிக்கும், லேசானதுல போட்டா மொத்தமும் உங்க மணிக்கட்டுக்குத்தான் வரும். குட்டி ரிவால்வர் விக்கறவங்க அஞ்சு ரவுண்டு, அதாவது அஞ்சு தோட்டா, சுட்டதும் என்ன ஆகும்னு சொல்றதே இல்ல.

நான் சொல்றது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈசி பிஸ்டல், .380 தோட்டா போடறது. 2018-ல வந்தது, உங்கள மாதிரி ஆளுங்களை மனசுல வெச்சுத்தான் செஞ்சாங்க. அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல, எட்டு ரவுண்டு, தோட்டா அடுக்கற மேகசின் பக்கவாட்டுல ஒரு பட்டன் இருக்கும், அதைக் கீழ தள்ளிப் பிடிச்சுக்கிட்டா தோட்டா சுலபமா உள்ள போகும். ரூகர் செக்யூரிட்டி-380-உம் பாருங்க. ஆனா .380-ன்னு எழுதியிருக்கற எல்லாமே லேசுன்னு நினைச்சுடாதீங்க, வால்தர் பிபிகே மாதிரி பழைய டிசைன்ல ஸ்லைடை மூடி வெக்கறது அதோட கனமும் ஸ்ப்ரிங்கும் மட்டும்தான், அதனால ஸ்ப்ரிங் கல்லு மாதிரி இருக்கும்.

மாமி வீட்டுக்காரர்:
என் வீட்டம்மாவுக்கும் இதே கதை, ஆனா பாதிப் பிரச்சனை துப்பாக்கியில இல்ல, பிடிக்கற விதத்துல இருந்துச்சு. எல்லாரும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெச்சு கிள்ளி இழுப்பாங்க, நல்ல கையே நோகும். ரேஞ்சுல ஒரு கோச் சொல்லிக் குடுத்தது: துப்பாக்கியை நெஞ்சுகிட்ட கொண்டு வாங்க, இடது உள்ளங்கையை ஸ்லைடு மேல கவுத்து நாலு விரலும் ஒரு பக்கம் உள்ளங்கை அடி மறுபக்கம்னு அழுத்திப் பிடிங்க, அப்புறம் ஸ்லைடை இழுக்காதீங்க, வலது கையால கைப்பிடியை முன்னாடி குத்தற மாதிரி தள்ளுங்க. விரல் செய்ய வேண்டிய வேலையைத் தோள்பட்டை செஞ்சுடும். முழுசா பின்னாடி வந்ததும் கையை எடுத்துடணும், கூடவே பிடிச்சுக்கிட்டு முன்னாடி கொண்டு போகக்கூடாது, தோட்டா சிக்கிக்கும். இதைச் செய்யறப்ப குழல் பக்கத்து லேன்காரரைப் பாத்துத் திரும்பிடும், அதனால நீங்க உடம்பைத் திருப்புங்க, குழல் எப்பவும் டார்கெட்டைப் பாத்தே இருக்கட்டும், ட்ரிகர்ல விரல் வேண்டாம்.

ஹேமர் வெளிய தெரியற பிஸ்டலா இருந்தா முதல்ல அதைப் பின்னாடி வெச்சுட்டு ஸ்லைடை இழுங்க, பாரம் குறையும். க்ளாக்ல அது கிடையாது.

டல்லஸ் தம்பி:
ஈசி நல்லதுதான், ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு. அதுல கைப்பிடி பின்னாடி ஒரு சேஃப்டி இருக்கு, உள்ளங்கை அழுத்தினாத்தான் சுடும். பிடி தளர்ந்தா சுடாது. கை பலம் இல்லாதவங்களுக்குன்னு செஞ்சுட்டு அதுலயே இதையும் வெச்சாங்க பாருங்க! அதே மாதிரி மணிக்கட்டு தொய்ஞ்சா இந்த மாதிரி ஸ்லைடு வெச்ச எந்த செமி ஆட்டோவும் சிக்கலாம், ஸ்லைடு முழுசாப் பின்னாடி போகாது. அதனால வாடகைக்கு எடுத்து அம்பது ரவுண்டாவது சுடாம வாங்காதீங்க. ஸ்லைடே தொட வேண்டாம்னா பெரெட்டா டாம்கேட் இருக்கு, .32, ஒரு லீவரைத் தள்ளினா குழல் மேல எகிறி நிக்கும், தோட்டாவை நேரா உள்ள போட்டு மூடிடலாம். .22-ன்னு சிலர் சொல்வாங்க, பழக அருமை, உதையே இல்ல, ஆனா அந்தத் தோட்டா அப்பப்ப வெடிக்காம போகும், வீட்டுக்காவலுக்கு எனக்கு மனசு ஒப்பல.

செகண்ட் ஹேண்டுல 9 எம்எம் ஈசி வாங்கினா சீரியல் நம்பரைக் கம்பெனி சைட்ல போட்டுப் பாருங்க, 2020 மார்ச்லேருந்து அக்டோபர் வரை செஞ்சதுல ஹேமர் கோளாறுன்னு ரீகால் பண்ணாங்க.

புதுசா வந்தவன்:
குறுக்க கேக்கறேன், நான் எச்1பி, எங்கம்மாவும் இப்ப விசிட்டர் விசால வந்திருக்காங்க, நாங்க வாங்கலாமா?

ஞாயிறு ரேஞ்ச்:
பொதுவா முடியாது தம்பி. எச்1பி, விசிட்டர் விசா ரெண்டுமே ஃபெடரல் சட்டத்துல தடைதான், வாங்கறது மட்டுமில்ல, வெச்சிருக்கறதும். ஹண்டிங் லைசென்ஸ்னு ஒரு விதிவிலக்கு உண்டு, அதுக்கு வக்கீலைப் பாருங்க, இங்க கேட்டு முடிவு பண்ணாதீங்க. க்ரீன் கார்டு வந்தா வாங்கலாம். அதுவரைக்கும் நண்பர்கிட்ட காசு குடுத்து அவர் பேர்ல வாங்கச் சொல்றதை மட்டும் செஞ்சுடாதீங்க, கடையில வாங்கறப்ப நிரப்பற 4473 ஃபார்ம்ல ஆமா-இல்லன்னு பதில் சொல்ற முதல் கேள்வியே உண்மையில வாங்கறது நீங்கதானான்னுதான், பொய் சொன்னா ஜெயில்.

கேட்டி அக்கா:
போன சனிக்கிழமை போய்ட்டு வந்தேன். பிங்க் ரிவால்வர் ட்ரிகர் ஆறாவது தடவையிலயே விரல் மறுத்துடுச்சு, அந்தப் பையன் முகத்தைப் பாக்கணுமே! ஈசியை வாடகைக்கு எடுத்தேன், தள்ற விதத்துல முதல் தடவையே ஸ்லைடு வந்துடுச்சு, எனக்கே நம்ப முடியல. நாப்பது ரவுண்டு வரைக்கும் பிரச்சனையே இல்ல, அதுக்கப்புறம் கை சோர்ந்து ரெண்டு தடவை அந்தப் பின்பக்க சேஃப்டி சரியா அழுந்தல, தம்பி சொன்னது அப்படியே. அடுத்த வாரம் ரூகரையும் சுட்டுப் பாத்துட்டுத்தான் முடிவு. வேடிக்கை என்னன்னா, மாமி வீட்டுக்காரர் சொன்னபடி தள்ளினதுல எங்க வீட்டு க்ளாக்கும் வந்துடுச்சு, ஆனா மூணு தடவைக்கு மேல முடியல. பேரன் வர்ற வீடு, சேஃப் வேணும், சாவி திருகற மாதிரி இல்லாம பட்டன் அழுத்தற மாதிரி நல்லதா யாராவது வெச்சிருக்கீங்களா?