புதுப்பிப்பு: அம்மம்மாவின் பெட்டகத்துக் கல்வெட்டுகள்
அம்மம்மாவின் பெட்டகத்தில் இருந்த பழைய அந்தியேட்டிக் கல்வெட்டுகளை, அதாவது இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் நினைவுப் பாடல் புத்தகங்களை, தாள் நொறுங்காமல் ஸ்கேன் செய்வது எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். 43 புத்தகங்கள் முடிந்துவிட்டன.

ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கியதில் முதல் புத்தகத்தின் முதுகு பிளந்துவிட்டது. சரி, அது வேண்டாம் என்று விறாந்தை வெளிச்சத்தில், கைபேசியை மேலே பொருத்திப் படமெடுத்தேன். பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைக்கச் சொன்னவருக்கு நன்றி, மறுபக்க எழுத்து தெரியவேயில்லை. பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) பிழையாக வாசிக்கிறது, கையால் திருத்துகிறேன்.

ஒரு வெண்பாவின் ஓரத்தில் அம்மம்மா பென்சிலால் தன் தங்கையின் பெயரை எழுதியிருந்தார். மங்கல்தான், ஆனால் படத்தில் விழுந்திருக்கிறது.

1981 இல் பொது நூலகம் எரிந்த யாழ்ப்பாணம் இது. எதையும் ஒரே பிரதியாக வைத்திருக்க எனக்கு மனம் வராது. மூன்று இடங்களில் சேமித்திருக்கிறேன். அடுத்துப் படமெடுக்கப் போவது பெரியம்மா வீட்டு அலுமாரியில் உள்ளவற்றை.