பாதித் தாளை அடைத்துக்கொண்ட நாய்ச் சந்து

(குடும்பக் குழு, சனிக்கிழமை மாலை)

அக்கா: [படம்]

அக்கா: பாப்பாவுக்கு ஓவிய வகுப்பில் வீட்டுப்பாடம். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை நினைவிலிருந்து வரைய வேண்டும். போனைப் பார்க்கக் கூடாதாம்.

அக்கா: பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவு. நடுவில் நாய் இருக்கிற அந்தச் சந்து மட்டும் பாதித் தாள். அழித்துவிட்டு அளவாக வரையச் சொல்லட்டுமா?

நான்: வேண்டாம் அக்கா. ஒரு கோட்டைக்கூட அழிக்க விடாதே.

சித்தப்பா: ஏன்டா, அந்தச் சந்து நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். வரைபடம் என்றால் அளவு வேண்டாமா?

நான்: நமக்கு நாலு எட்டு சித்தப்பா. நாய்க்குப் பயந்து சுவரை ஒட்டியே போகிறவளுக்கு அது அவ்வளவு நீளம்தான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாய் படுக்கிற படி, துரத்தினால் ஏறிக்கொள்ள ஒரு திட்டு, பாதி திறந்த இரும்புக் கதவு, கதவின் துருகூட இருக்கிறது. மற்ற தெருவெல்லாம் வெறும் இரண்டு கோடு. எந்த இடத்தில் அவள் முழுக் கவனத்தோடு நடக்கிறாள் என்பது அப்படியே தெரிகிறது.

அக்கா: பள்ளியை ஏன் மேலே வைத்தாய் என்று கேட்டேன். "அங்கேதானே போறேன்" என்கிறாள்.

சித்தப்பா: வடக்குதானே மேலே இருக்கணும்?

அத்தை: அப்படி ஒரு சட்டமும் இல்லை தம்பி. பூகோள வகுப்பில் இதை நான் தனியாகவே சொல்லித்தருவேன். 1154-ல் அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் சிசிலி அரசருக்கு வரைந்துகொடுத்த உலக வரைபடத்தில் தெற்குதான் மேலே. வடக்கு மேலே என்பது பின்னால் வந்து நிலைத்த பழக்கம்.

அத்தை: அளவு விஷயமும் அப்படித்தான். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் ஏதாவது ஒன்று கெட்டே தீரும். 1569-ல் மெர்காட்டர் என்ற வரைபடக்காரர் போட்ட முறையில் திசை கெடாது, மாலுமிகளுக்கு அதுதான் தேவை. ஆனால் பரப்பு கெட்டுப்போகும். அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு.

தம்பி: அப்போ எல்லா வரைபடத்திலும் ஒரு நாய்ச் சந்து இருக்கு.

நான்: சரியாகச் சொன்னாய்!

சித்தப்பா: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கணக்கு. கலை எங்கே வந்தது இதில்?

நான்: டச்சு ஓவியர் வெர்மீர் 1666-68 வாக்கில் வரைந்த 'ஓவியக் கலை' வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு ஓவியர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பெண்ணை வரைந்துகொண்டிருப்பார். பின்சுவர் முழுக்க நெதர்லாந்து மாகாணங்களின் வரைபடம். அதில் மேற்கு மேலே! தாளின் மடிப்புகளில் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். தன் கையெழுத்தையும் அந்த வரைபடத்தில்தான் போட்டிருக்கிறார், அந்தப் பெண்ணின் கழுத்துக்குப் பக்கத்தில்.

அத்தை: நடுவில் ஒரு பெரிய மடிப்பு உண்டே? வடக்கு மாகாணங்களும் தெற்கு மாகாணங்களும் பிரிந்துபோனதைத்தான் அது காட்டுகிறது என்று சொல்வார்கள்.

நான்: ஆமாம் அத்தை. வெறும் மடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டால் அப்புறம் அது மடிப்பாகத் தெரியாது.

தம்பி: தலைகீழாக ஒரு தென் அமெரிக்கா உண்டே, கோட்டோவியம்?

நான்: உருகுவேக்காரர் டோரெஸ் கார்சியா 1943-ல் வரைந்தது. தென்முனை மேலே, பக்கத்தில் சூரியன், நிலா, ஒரு கப்பல், ஒரு மீன். ஐரோப்பாவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஓவியர்களுக்கு, "நமக்கு வடக்கு என்பது தெற்குதான்" என்று சொன்னவர் அவர். பாப்பா பள்ளியை மேலே வைத்ததும் அதே உரிமையில்தான்.

அக்கா: பள்ளியில் இப்படியெல்லாம் சொன்னால் மதிப்பெண் போடுவார்களா?

நான்: போடட்டும், போடாமல் போகட்டும் அக்கா. அவள் கண்ணால் பார்த்ததை வரைந்திருக்கிறாள், அதில் கை வைக்காதே.

சித்தப்பா: உலக வரைபடத்தைத் துணியில் தைத்ததாக ஒருமுறை சொன்னாயே, அது யார்?

நான்: இத்தாலியக் கலைஞர் அலிகியெரோ போயெட்டி. 1971-லிருந்து 1994-ல் இறக்கும்வரை அந்த வேலை நடந்தது. ஒவ்வொரு நாட்டையும் அதன் கொடியின் நிறங்களால் நிரப்பிய உலகப் படம். தைத்தது அவர் இல்லை, ஆப்கன் பெண்கள். முதலில் காபூலில். 1979-ல் சோவியத் படை வந்தபிறகு பெஷாவரில் அகதிகளாக இருந்தவர்கள். தைத்து முடிவதற்குள் ஏதாவது ஒரு நாட்டின் கொடியே மாறிவிடும். வரிசையாக வைத்துப் பார்த்தால் 20-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அதில் ஓடும்.

நான்: ஒருமுறை கடல் இளஞ்சிவப்பாக வந்துசேர்ந்தது. கையில் நிறைய இருந்த நூலால் கடலை நிரப்பிவிட்டார்கள். அது போயெட்டிக்குப் பிடித்துப்போய், அதற்குப் பிறகு கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டார்.

அத்தை: அந்தப் பெண்களின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா?

நான்: பெரும்பாலும் இல்லை அத்தை. எனக்கு அது உறுத்தல்தான். ஓரங்களில் பாரசீகத்தில் எழுத்துகள் இருக்கும், ஆனால் சுவரில் தொங்குவது போயெட்டியின் பெயர்.

சித்தப்பா: எல்லாம் சரிடா. கடைசியில் இவை சுவரில் மாட்டுகிற படங்கள்தானே? நிலம் யாருடையது என்று கேட்டால் ஓவியத்தையா காட்ட முடியும்?

நான்: காட்டியிருக்கிறார்கள் சித்தப்பா! இதை நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான்: ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிரேட் சேண்டி பாலைவனம். அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தின் மீதான உரிமையைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நிலத்தை முழுக்க அறிந்த முதியவர்கள் பலருக்கு ஆங்கிலத்தில் சாட்சி சொல்வது கஷ்டம். அதனால் 1997-ல் பிர்னினி என்ற இடத்தில் துணியைத் தரையில் விரித்துப் பலர் சேர்ந்து வரைந்தார்கள். 8 மீட்டருக்கு 10 மீட்டர். 'ஙுரரா' ஓவியம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவரும் தான் பொறுப்பாக இருக்கும் பகுதியை வரைந்தார்கள். முக்கியமாக ஜிலா என்கிற வற்றாத நீர்நிலைகள். பாலைவனத்தில் தண்ணீர் எங்கே என்று தெரிந்தவருக்குத்தான் அந்த நிலம் தெரியும். விசாரணைக்கு வந்த தீர்ப்பாயத்தினர் முன்னால், அவரவர் வரைந்த நீர்நிலையின் மேலேயே ஏறி நின்று, தங்கள் மொழியில் அதன் கதையைச் சொன்னார்கள். அதுதான் சாட்சியம். 2007-ல் அவர்கள் உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது.

(சிறிது நேரம் பதில் இல்லை)

சித்தப்பா: ஓவியத்தின் மேலேயே நின்றார்களா?

நான்: ஆமாம். நில அளவைக்காரருக்கு அது வெறும் வட்டங்களும் வண்ணப் பட்டைகளும். அவர்களுக்கு அது நடந்து போகக்கூடிய நிலம்.

தம்பி: பசிபிக் கடலில் இருக்கிற மார்ஷல் தீவுகளில் முன்பு குச்சிகளைக் கட்டி வரைபடம் செய்தார்களே, அதுவும் இந்த ரகம்தானே? சிப்பி வைத்த இடம் தீவு, வளைந்த குச்சி தீவைச் சுற்றி வளைகிற அலை. கடலுக்குப் போகும்போது அதை எடுத்துப் போகவில்லை. கரையிலேயே மனப்பாடம் செய்துகொண்டு, படகின் ஆட்டத்தை வைத்து அலையைத் தெரிந்துகொண்டார்கள்.

அத்தை: இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

அத்தை: ஓவியர் ஸரீனா ஹாஷ்மியின் படத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டு. 2001-ல் செய்த 'பிரிக்கும் கோடு' என்ற மரச்செதுக்கு அச்சு. 1947-ல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் போட்ட எல்லைக் கோடு மட்டும்தான் படமே. கோட்டைச் செதுக்காமல், சுற்றியிருப்பதையெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் மிச்சம் விட்டிருப்பார். அவர் குடும்பமே அந்தக் கோட்டைத் தாண்டிப் போன குடும்பம்.

நான்: காட்டுகிறேன் அத்தை. எனக்கு எப்போதும் பேச்சு வராமல் செய்கிற படம் அது.

அக்கா: பாப்பா எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டாள். இப்போது தாளின் பின்பக்கம் திரும்பி வரும் வழியை வரைகிறாள். சாயங்காலம் நாயைக் கட்டிவிடுவார்களாம், அதனால் சந்து குட்டையாகிவிட்டது.

சித்தப்பா: முடித்ததும் இரண்டு பக்கத்தையும் அனுப்பு. அப்புறம் அந்த ஙுரரா ஓவியத்தின் பெரிய படம் கிடைத்தால் போடுடா, கணினியில் வைத்துப் பார்க்கணும்.

நான்: இப்போதே தேடுகிறேன்.