ஆங்கில அனிமே டப்பிங்கில் குரல் நடிகராவது: எதிலிருந்து தொடங்குவது?

திரைக்குப்பின்:
அமெரிக்காவில் வேலை அனுமதியோடு இருக்கிறேன். மேடை நாடகப் பயிற்சி உண்டு, மைக் முன்னால் எதுவும் செய்ததில்லை. அனிமேயின் ஆங்கில டப்பில் வாய்ப்புத் தேட வேண்டுமென்றால் முதலில் எதைக் கவனிப்பது? மாதிரிக் குரல் பதிவான டெமோவா, மைக்கா, ஊர் மாறுவதா? எனக்குப் பத்துக் குரல் மாற்றிப் பேச வராது. இருக்கிற குரலில் நடிப்பேன், அது போதுமா? இதை மட்டும் வைத்து வாழ்க்கையை ஓட்ட முடியுமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாலாவது_பீப்:
வாழ்க்கை ஓடுமான்னு வேற யாராவது சொல்லட்டும். நான் குரல் விஷயத்துக்கு மட்டும் வர்றேன்.

இருக்கிற குரல்ல நடிக்கத் தெரிஞ்சா தாராளமாப் போதும். குரல் மாத்தத் தெரியலைன்னு யாரையும் திருப்பி அனுப்புறதில்லை. டைமிங் வரலைன்னாதான் அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க.

பூத்துக்குள்ள, அதாவது பதிவு அறைக்குள்ள, நீங்க தனியாதான் நிப்பீங்க. எதிர்ல பேசுற பாத்திரத்தோட நடிகர் ஏற்கெனவே பதிவு பண்ணியிருந்தா அவர் வசனம் ஹெட்ஃபோன்ல வரும். இல்லைன்னா ஜப்பானியக் குரல்தான் துணை. ஸ்கிரிப்டை முன்னாடியே வீட்டுக்கு அனுப்புறது அபூர்வம். டைரக்டர் காட்சியை ரெண்டு வாக்கியத்துல சொல்வார், ஜப்பானிய மூலத்தை ஒரு தடவை ஓட்டிக் காட்டுவாங்க, உடனே டேக், அதாவது பதிவு. சம இடைவெளியில மூணு பீப் கேட்கும். நாலாவது வராது, ஆனா அது விழவேண்டிய இடத்துலதான் வசனம் தொடங்கணும். புதுசா வர்றவங்க பாதிப் பேர் மூணாவது பீப் மேலேயே ஏறிடுவாங்க. மீதிப் பேர் மூணாவது முடிஞ்சதும் அவசரமா மூச்சு இழுப்பாங்க, அந்த மூச்சு வசனத்தோட தலையில ஒட்டிக்கும். ரெண்டாவது பீப்லயே மூச்சை எடுத்து வெச்சுக்கப் பழகுங்க.

அடுத்தது உதட்டசைவு. அனிமே வாய் பெரும்பாலும் மூணே படம்தான்: மூடினது, பாதி, முழுசாத் திறந்தது. அதனால க்ளோசப் தவிர மத்த இடங்கள்ல ப, ம மாதிரி உதடு ஒட்டுற ஒலி எங்க விழுதுன்னு கவலைப்பட வேண்டாம். வாய் எங்க திறக்குது, எங்க நிக்குது, நடுவுல எங்க மூடுது, இந்த மூணும் தப்பக்கூடாது. ஒரு உதாரணம்: பாத்திரம் "ஸெத்தாய் நி" சொல்லி, வாயை மூடி, அப்புறம் "யுருஸனாய்"னு முடிக்குதுன்னு வைங்க. ஆங்கிலத்துல "ஐ வில் நெவர் ஃபர்கிவ் யூ"ன்னு ஒரே ஓட்டமாச் சொன்னா, மூடின வாயிலேருந்து குரல் வரும். "டோன்ட் யூ எவர் திங்க்… ஐல் ஃபர்கிவ் யூ"ன்னு உடைச்சா ரெண்டு பக்கமும் அளவா உட்காரும். இப்படி உடைக்கிறது வசனத்தைத் தழுவி எழுதுறவரோட வேலைதான். ஆனாலும் பதிவுல எங்கேயாவது அரை வாயசைவு மிச்சமாகும். அப்போ ஒரு பெருமூச்சோ ஒரு "வெல்"லோ சேர்த்து நிரப்பச் சொல்வாங்க. ஒலிப்பதிவு இன்ஜினியரால வசனத்தைச் சில ஃப்ரேம் நகர்த்த முடியும், கொஞ்சம் நீட்டவும் முடியும். அதுக்கு மேல நீட்டினா குரல் ரோபோ மாதிரி ஆகிடும்.

பழக ஒரு வழி: ஏதாவது ஒரு காட்சியை ரீப்பர் மாதிரி மென்பொருள்ல போட்டு, வசனத்துக்கு முன்னால ஒவ்வொரு செகண்டு இடைவெளியில மூணு பீப் வைங்க. நீங்களே வசனம் எழுதிப் பதிவு பண்ணி, மூலத்தோட சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க. எங்க பிசகுதுன்னு சொல்ல ஆசிரியரே வேண்டாம்.

ரேட்_கார்டு:
பணத்துக்கு வருகிறேன். அனிமே டப்பிங்கை மட்டும் நம்பி வாழ்பவர்கள் மிகக் குறைவு. சம்பளம் மணிக்கணக்கில்தான் கணக்கிடப்படும், அதுவும் நீங்கள் பூத்தில் இருந்த மணிகளுக்கு மட்டும். தொடர் உலகமெல்லாம் ஓடினாலும் அதன்பின் பங்குத்தொகை வருவது வழக்கமில்லை. இன்னொரு முரணும் உண்டு: வேலையில் தேற தேற ஒரே எபிசோடைக் குறைந்த நேரத்தில் முடிப்பீர்கள், அதற்கான ஊதியமும் குறையும். தொழிலில் நிலைத்தவர்கள் விளம்பரம், கேம், ஒலிநூல், நிறுவனக் காணொளிகளுக்கான குரல் என்று பரவியிருப்பார்கள். பெயர் வந்தபின் ரசிகர் மாநாடுகளில் கையெழுத்துக்கு வரும் பணம், சிலருக்குப் பதிவுக்கூடத்து ஊதியத்தையே மிஞ்சிவிடும். டைரக்‌ஷன் பக்கம் போவது இன்னொரு வழி. ஒன் பீஸ் நாயகன் லூஃபிக்குக் குரல் கொடுக்கும் காலீன் கிளிங்கன்பியர்ட் டப்பிங் இயக்குநரும்கூட. டிராகன் பால் தொடரின் வெஜிட்டாவுக்குக் குரலான கிறிஸ்டோபர் சபாட் ஓக்ராட்ரான் 5000 என்ற சொந்த ஸ்டுடியோவே வைத்திருக்கிறார். யாராவது ஒரு தொகை சொன்னால், குளோபல் வாய்ஸ் ஆக்டிங் அகாடமியின் ரேட் கைடில் டப்பிங் பகுதியோடு ஒப்பிட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

யூனியன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். டெக்சஸில் நடக்கும் அனிமே டப்கள் பெரும்பாலும் யூனியனுக்கு வெளியே நடப்பவை. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டும் கலந்திருக்கும். அமெரிக்க நடிகர்களின் யூனியனான சாக்-ஆஃப்ட்ராவில் முழு உறுப்பினராகிவிட்டால், விதிப்படி யூனியன் ஒப்பந்தம் இல்லாத வேலையைத் தொடக்கூடாது. தொடக்க நிலையில் வரும் சிறு பாத்திரங்களில் பெரும்பகுதி யூனியன் இல்லாத அந்த வேலைகளில்தான் இருக்கிறது. 2022-இல் மாப் சைக்கோ 100 மூன்றாவது சீசனில் நாயகனின் குரலான கைல் மெக்கார்லி விலக நேர்ந்தது இந்த இழுபறியில்தான். இனி வரும் வேலைகளுக்கான ஒப்பந்தம் குறித்து யூனியனோடு பேச உட்கார்ந்தால் போதும், இந்த சீசனை யூனியன் இல்லாமலே செய்கிறேன் என்றார். அந்த டப்பைத் தயாரித்த க்ரன்ச்சிரோல் நிறுவனம் இசையவில்லை. நாயகனுக்கே அந்த நிலை என்றால், புதியவருக்குப் பேரம் பேச எவ்வளவு இடம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திரைக்குப்பின்:
நன்றி இருவருக்கும். அப்படியானால் டெக்சஸின் டல்லஸுக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ குடிபெயர்வதுதான் வழியா? இப்போது வீட்டிலிருந்தே பதிவு செய்கிறார்களே?

கம்பளிப்_போர்வை:
2020 மார்ச்சுக்குப் பிறகு வீட்டுப் பதிவு பரவியது உண்மை. ஆனால் அதில் பெரும் பலன் பெற்றவர்கள் ஸ்டுடியோக்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். புதியவருக்கு முதலில் கிடைப்பது கூட்டக் குரலும், "மாணவன் ஏ", "காவலர் பி" வகைப் பாத்திரங்களும். அதற்கு உள்ளூர் ஆளைக் கூப்பிட்டு ஒரே அமர்வில் நான்கைந்து பாத்திரம் பேசவைத்து அனுப்புவதுதான் ஸ்டுடியோவுக்கு வசதி. முக்கிய டப்பிங் ஸ்டுடியோக்கள் இருக்கும் இடம் இவை: பழைய ஃபனிமேஷன் நிறுவனத்தின் வழிவந்த க்ரன்ச்சிரோல் ஸ்டுடியோ டல்லஸ் வட்டாரத்தில், சென்டாய் ஹூஸ்டனில், பேங் ஸூம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பர்பேங்க்கில். உடனே வீடு மாறாதீர்கள். டெமோ கேட்கத் தக்கதாக ஆனபின் மாறுங்கள்.

வீட்டில் எப்படியும் ஆடிஷன் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு மைக்கைவிட அறைதான் முக்கியம். விலையுயர்ந்த கண்டென்சர் மைக் மோசமான அறையை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் பேசாதபோது பதிவாகும் சத்தம் -60 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ், ஏசி, கம்ப்யூட்டர் விசிறி மூன்றையும் நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். மெல்லிய ஃபோம் ஓடு கீச்சொலியை மட்டும்தான் உறிஞ்சும், அடிக்குரலின் எதிரொலி அப்படியே நிற்கும். துணி நிறைந்த அலமாரி அறையோ, சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிட்ட கனமான போர்வைகளோ அதைவிட நன்றாக வேலை செய்யும். வாயிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத் தூரத்தில் மைக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. சத்தம் நீக்கும் பிளகின், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஷன் எதுவும் வேண்டாம். சுத்தப்படுத்திய ஃபைலில் சொற்களின் வால் அறுந்திருப்பதை இன்ஜினியர் ஒரே கேட்பில் பிடித்துவிடுவார்.

டெமோ 60 முதல் 90 செகண்டு. முதல் துண்டில் உங்கள் இயல்பான குரல். ஒவ்வொரு துண்டும் பத்து செகண்டு அளவில் முடிந்து, அடுத்ததில் வயதோ மனநிலையோ மாறியிருக்க வேண்டும். பிரபலப் பாத்திரங்களின் வசனத்தைப் பேசாதீர்கள், அசலோடு ஒப்பிடத்தான் தோன்றும். சில வார வகுப்பும் டெமோவும் சேர்த்து ஒரே கட்டணத்தில் விற்பவர்களிடமிருந்து ஒதுங்கியே இருங்கள். நடிப்பு பழுக்காமல் எடுத்த டெமோவைக் கேட்டவர் இரண்டாம் முறை திறக்க மாட்டார். ஆடிஷனுக்கே பணம் கேட்டால் அது மோசடி.

நாலாவது_பீப்:
டெமோல கூச்சலை முதல் துண்டா வைக்காதீங்கன்னும் சேர்த்துக்கணும்.

கூச்சல்னு வந்ததால இது. சண்டைக் காட்சி அடி, உதை, அலறல் எல்லாத்தையும் அமர்வோட கடைசிக்குத் தள்ளச் சொல்லிக் கேக்கலாம், அது வழக்கம்தான். அலறிட்டு அப்புறம் மென்மையான காதல் வசனம் பேசினா ரெண்டுக்கும் ஒரே ஆள்னு நம்ப முடியாது. கத்துறதுக்கு முன்னால இன்ஜினியர்கிட்ட சொல்லுங்க, மைக் சத்தத்தை வாங்குற அளவை, அதாவது கெயினைக் குறைப்பார். ஒரு அடி பின்னால போய், முகத்தை மைக்குக்குச் சாய்வா வெச்சுக் கத்துங்க. வலு வயித்துலேருந்து வரணும். தொண்டையில கீறல் மாதிரி உணர்ந்தா நிறுத்திச் சொல்லிடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அன்னைக்கு ராத்திரி கிசுகிசுப்பாப் பேசினா குரலுக்கு ஓய்வுன்னு நினைக்காதீங்க, அதுவும் சிரமம்தான். பேசாம இருங்க. கரகரப்பு நாள்கணக்கா நீடிச்சா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

ரேட்_கார்டு:
ஆடிஷன் அனுப்பும்போது ஃபைல் பெயரை அவர்கள் கேட்ட வடிவத்திலேயே வையுங்கள். நூற்றுக்கணக்கில் வரும்போது பெயர் தவறிய ஃபைல் திறக்கப்படாமலே போகும். இரண்டு டேக் கேட்டால் இரண்டாவதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்காதீர்கள், பாத்திரத்தின் நோக்கத்தை மாற்றுங்கள். வேலை கிடைத்தால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நிறுவனம் அறிவிக்கும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், பூத்தில் படம் எடுத்துப் போடவே வேண்டாம். பின்னால் இருக்கும் திரையில் தொடரின் பெயர் தெரிந்தால் போதும், அடுத்த அழைப்பு வராது.