உதவி: டயப்பர் பொடி வித்தை, கவிழ்த்தால் தண்ணீர் கொட்டிவிடுகிறது

பூவரசு | வெள்ளி, இரவு 9:40
அவசரம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு 5 வயது பிறந்தநாள். குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் மறையும் வித்தையைச் செய்து காட்டலாம் என்று இருக்கிறேன். டயப்பரைப் பிரித்து, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பொடியை எடுத்து வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றி மந்திரம் சொல்லிக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. எனக்கு மொத்தமும் கொட்டுகிறது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன், தரை நனைந்ததுதான் மிச்சம். எங்கே தப்பு?

நடுவாசல் | 9:52
எவ்வளவு பொடி, எவ்வளவு தண்ணீர்? எதில் ஊற்றினீர்கள்? கவிழ்ப்பதற்கு முன் எவ்வளவு நேரம் விட்டீர்கள்? இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே.

சித்திரைப்பூ | 9:58
பொடியோடு பஞ்சும் சேர்ந்து வந்திருக்கும். எனக்கு அதனால்தான் கெட்டது. பஞ்சை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிப் பிடித்துக் குலுக்குங்கள். பொடி உதிர்ந்து அடியில் வெள்ளைச் சர்க்கரை போல் தங்கும். பஞ்சை எடுத்துவிட்டு அதை மட்டும் பயன்படுத்துங்கள். குலுக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், தூள் மூக்கில் ஏறினால் எரியும்.

மேடைவாசி | 10:15
இதையெல்லாம் நான் வித்தை என்றே சொல்ல மாட்டேன். கடைப் பொருளைப் பிரித்துப் பொடி எடுத்தால் வித்தைக்காரர் ஆகிவிட முடியாது. முதலில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் மறைக்கப் பழகுங்கள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவது போல் காட்ட வேண்டும், நாணயம் வலது உள்ளங்கையிலேயே இருக்க வேண்டும். உங்கள் கண் இடது கையைப் பார்த்தால் பார்ப்பவர் கண்ணும் அங்கே போகும். நான் கண்ணாடி முன் ஆறு மாதம் பழகியது இது. அடிப்படை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் வேண்டும் என்றால் எப்படி?

கொன்றை டீச்சர் | 10:31
மேடைவாசி ஐயா, பெரியவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. நான் பாலர் வகுப்பு எடுக்கிறேன். நான்கைந்து வயதில் நாம் பார்க்கச் சொல்லும் கையை அவர்கள் பார்ப்பதில்லை. ஒருத்தி நம் வளையலைப் பார்ப்பாள், ஒருவன் நேராக வலது கையைப் பிடித்துத் திறந்துவிடுவான். அந்த வயதுக்கு நிறம் மாற வேண்டும், பொருள் உருமாற வேண்டும். பூவரசு எடுத்திருப்பது பொருத்தமான வித்தைதான். அப்புறம் நாணயம் என்றால் 3 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள், அதையும் யோசிக்க வேண்டும்.

பூவரசு | 10:44
பஞ்சு இல்லை, சலித்துவிட்டேன். பொடி இரண்டு சிட்டிகை. தண்ணீர் ஒரு டம்ளர். நேற்று அம்மா வீட்டில் இதே அளவில் சரியாக வந்ததே!

நடுவாசல் | 10:47
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அம்மா வீடு எங்கே, நீங்கள் எங்கே? டம்ளர் என்றால் ஸ்டீல் டம்ளரா?

வெண்ணிலவு | 10:55
இதை விடுங்கள், மஞ்சள் வித்தைக்கு மாறிவிடுங்கள். மஞ்சள் தூளைக் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து எழுதினால் எழுத்து ரத்தச் சிவப்பில் தெரியும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே விதத்தில்தான்.

கொன்றை டீச்சர் | 11:03
சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகள் கையை எங்கே வைப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. துணி சோப்பைக் கரைத்த தண்ணீரே போதும், அதே சிவப்பு வரும். மேலே எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மறுபடி மஞ்சளாகிவிடும், குழந்தைகள் அதற்குத்தான் அதிகமாகக் கத்துவார்கள். பாத்திரம் கழுவும் சில திரவங்களில் காரம் இருக்காது, அவற்றில் நிறம் மாறாது. முந்தின நாளே சோதித்துவிடுங்கள்.

பூவரசு | 11:10
அம்மா வீடு திருச்சி. நாங்கள் சென்னை. அங்கே பேப்பர் கப், இங்கே ஸ்டீல் டம்ளர். அதனாலா?

நடுவாசல் | 11:34
பாதி அதனால். ஸ்டீல் வழவழப்பானது, ஜெல் உருவானாலும் மொத்தக் கட்டியாக வழுக்கி விழும். பேப்பர் கப்பில் ஓரளவு ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பதும் வெளியே தெரியாது.

மீதி பாதி தண்ணீர் என்பது என் கணிப்பு. அங்கே காவிரிக் குழாய்த் தண்ணீர், இங்கே போர் தண்ணீர்தானே? அந்தப் பொடி சோடியம் பாலிஅக்ரிலேட். உப்பில்லாத தண்ணீர் என்றால் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு இழுத்துக்கொள்ளும். உப்பு கலந்த தண்ணீரில் அது சில பத்து மடங்காகச் சுருங்கிவிடும். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் இன்னும் மோசம், பொடியின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டு விரிய விடாது. இரண்டு சிட்டிகை காவிரிக்குப் போதும், போர் தண்ணீருக்குப் போதாது.

இரண்டு பேப்பர் கப் எடுங்கள். இரண்டிலும் அரை டீஸ்பூன் பொடி. ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர், கால் கப்புக்கு மேல் வேண்டாம். முப்பது எண்ணிவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். எது தளர்வாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

சித்திரைப்பூ | 11:41
முப்பது எண்ணுவதைக் குழந்தைகளிடமே விடுங்கள். ஒன்றிலிருந்து முப்பது வரை சத்தமாக எண்ணச் சொன்னால் பொடிக்கும் நேரம் கிடைக்கும், அவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

மேடைவாசி | சனி, காலை 6:20
எல்லோரும் ரகசியத்தைப் பொதுவில் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். செப்படி வித்தைக்காரர்கள் தெருத்தெருவாகப் போய் மூன்று கிண்ணத்தையும் பந்தையும் வைத்துப் பிழைத்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது அந்த ரகசியம். வித்தை முடிந்ததும் குழந்தையிடம் பொடியைக் காட்டினால் அதன் முகத்தில் இருந்த அந்த ஒளி போய்விடும். நான் பார்த்திருக்கிறேன்.

கொன்றை டீச்சர் | 7:05
நானும் பார்த்திருக்கிறேன், என் அனுபவம் வேறு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சிகளில் செய்து காட்டியபின் எப்படி என்றும் சொல்வார்கள். பகுத்தறிவுப் பிரச்சாரகர் போத்தனூர் பிரேமானந்த் 2009-இல் மறையும் வரை அதைத்தான் செய்தார். சாமியார் வெறுங்கையில் விபூதி வரவழைத்தால், விரலிடுக்கில் வைத்திருந்த சின்ன விபூதி உருண்டையை நசுக்கியதுதான் என்று காட்டிவிடுவார். ரகசியம் தெரிந்த குழந்தை அடுத்த நாள் தன் தம்பிக்கு அதே வித்தையைச் செய்து காட்டுகிறது. அப்போது அதன் முகத்தில் வரும் ஒளியையும் நீங்கள் பார்க்க வேண்டும், ஐயா.

மேடைவாசி | 7:18
ஏமாற்றுக்காரனை அம்பலப்படுத்துவது வேறு, பிறந்தநாள் வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

வெண்ணிலவு | 7:30
மேடைவாசி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் மகன் இரண்டு வருடம் என் காதுக்குப் பின்னால் நாணயம் விளைகிறது என்று நம்பினான். அவனாகக் கண்டுபிடித்த அன்றைக்கு வீட்டையே சுற்றி ஓடினான். நான் முன்பே சொல்லியிருந்தால் அந்த ஓட்டம் இருந்திருக்காது.

நடுவாசல் | 7:44
பூவரசு கேட்டது வேறு. சோதித்தீர்களா? முக்கியமான ஒன்று: பொடியும் ஜெல்லும் குழந்தைகள் கைக்குப் போகக் கூடாது. கண்ணில் பட்டால் உறுத்தும். விழுங்கவும் கூடாது. மீதியைச் சிங்கில் கொட்டாதீர்கள், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

தூறல் | 8:12
கையில் ஒன்று உபரியாக இருக்கட்டும். கிண்ணத்தின் அடியில் ஒரு நாணயத்தைக் கொஞ்சம் மாவுப் பசையால் ஒட்டிவிடுங்கள். குழந்தைகளை உட்காரவைத்து, விளிம்பு நாணயத்தை மறைக்கும் அளவுக்குக் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள். மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால், யாரும் நகராமலே நாணயம் மேலெழுந்து வருவது போல் தெரியும். ஒளி விலகல்தான், எந்தத் தண்ணீரானாலும் வரும். ஒரு தடவைக்கு மூன்று குழந்தைகள் போதும், எல்லோருக்கும் ஒரே கோணம் கிடைக்காது.

பூவரசு | சனி, இரவு 8:25
கேன் தண்ணீர், பேப்பர் கப், அரை டீஸ்பூன். நின்றுவிட்டது! போர் தண்ணீர் கப் கஞ்சி மாதிரி வழிந்தது. எல்லோருக்கும் நன்றி, கேக் சொல்லப் போகிறேன்.

சித்திரைப்பூ | திங்கள், காலை 9:10
நேற்று எப்படிப் போனது?

பூவரசு | செவ்வாய், இரவு 10:02
நன்றாகப் போனது. நான்கு முறை செய்யச் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் கப்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு "ஆன்ட்டி, தண்ணீர் தூங்குது" என்றான். ரகசியத்தை அவனிடம் மட்டும் சொன்னேன். ஒரே ஒரு சிக்கல், அவசரத்தில் எல்லாக் கப்பையும் சிங்கில் கொட்டிவிட்டேன். இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை. என்ன செய்ய?

நடுவாசல் | 10:06
இரண்டு கைப்பிடி கல் உப்பைப் போட்டுக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். உப்பு பட்டால் ஜெல் தண்ணீரைக் கக்கிச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு அடைப்பு எடுக்கும் ரப்பர் பம்பால் அழுத்துங்கள். இறங்கியதா என்று ஒரு வரி எழுதுங்கள்.