கடல்நீரில் காரீய முகடு ஓட்டத்துக்கு ஓட்டம் தேய்கிறது: பிஸ்மத் மின்முனையில் எங்கே கோளாறு?

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

கடல்நீரில் காரீயத்தையும் காட்மியத்தையும் அளப்பதுதான் என் வேலை. அச்சிட்ட கார்பன் மின்முனை, அதன்மேல் பிஸ்மத் படலம், சதுர அலை உரிப்பு முறை (உலோகத்தை முதலில் மின்முனையில் படியவைத்து, பிறகு மின்னழுத்தத்தைத் துடிப்புகளாக ஏற்றிக் கரைத்தெடுத்து, அப்போது எழும் மின்னோட்ட முகட்டை அளப்பது). பி.எச். 4.5 அசிட்டேட் தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) எல்லாம் ஒழுங்காக வருகிறது. −1.2 வோல்ட்டில் 180 விநாடி படியவைத்து உரித்தால், காட்மியம் −0.8 வோல்ட் அருகிலும் காரீயம் −0.55 அருகிலும் கூர்மையாக எழுகின்றன. லிட்டருக்கு 5 முதல் 50 மைக்ரோகிராம் வரை, அளவு கூடக்கூட முகட்டின் உயரமும் நேர்க்கோடாக ஏறுகிறது.

வடிகட்டிய கடல்நீருக்குப் போனதும் எல்லாம் குலைந்துவிடுகிறது. அப்படியே அளந்தால் முகடே இல்லை. லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் காரீயம் சேர்த்தால் முதல் அளவீட்டு ஓட்டத்தில் சிறியதாக ஒன்று தெரிகிறது. ஐந்தாவது ஓட்டத்தில் அதில் பாதி. பத்தாவதில் அடிக்கோட்டோடு கலந்துவிடுகிறது. புது மின்முனை மாட்டினால் மறுபடியும் இதே கதை. பிஸ்மத் கரைசலை நேராகக் கடல்நீரிலேயே ஊற்றுகிறேன், வேறு எதுவும் சேர்ப்பதில்லை. சதுர அலைக்குத் தேவையில்லை என்று படித்ததால் நைட்ரஜனும் செலுத்துவதில்லை.

கரிமுனை எழுதியது:

கரிமப் பொருள்கள் மேல் எனக்குச் சந்தேகம். கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமச் சேர்மங்கள் உலோக அயனிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மின்முனையிலும் ஒட்டும். அமிலம் சேர்த்துப் புற ஊதாக் கதிரில் வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

ஆழ்நீர் எழுதியது:

கரிமுனை சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் புது மின்முனையில் முகடு திரும்ப வருகிறது என்றால், கெட்டுப்போவது நீர் அல்ல, மின்முனையின் பரப்பு. பத்து ஓட்டம் முடிந்த மின்முனையைத் தூய நீரில் அலசி, உலரவிட்டு, கைவில்லையால் பாருங்கள். கறுப்பு வட்டத்தின் மேல் என்ன இருக்கிறது? கடல்நீரின் பி.எச். அளவையும் சொல்லுங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

பார்த்தேன் ஐயா. பி.எச். 8.1. கறுப்பு வட்டத்தின் மேல் மட்டும் சுண்ணாம்புத்தூள் தூவியதுபோல் வெண்மை. பக்கத்திலுள்ள வெள்ளிக் கோட்டில் அது துளியும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஒரு சொட்டு வைத்தேன். நுரை எழவில்லை, ஆனால் சில விநாடிகளில் வெண்மை கரைந்து கறுப்பு தெரிந்தது. இத்தனை நாளும் அதை உலர்ந்த உப்பு என்றே நினைத்திருந்தேன்.

ஆழ்நீர் எழுதியது:

உப்பாக இருந்தால் அலசியபோதே போயிருக்கும். கார்பனேட்டாக இருந்தால் நுரைத்திருக்கும். நுரைக்காமல் அமிலத்தில் கரைந்ததால் அது பெரும்பாலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடுதான்.

நடப்பது இதுதான். −1.2 வோல்ட்டில் உலோகம் மட்டும் படிவதில்லை. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் அங்கேதான் ஒடுங்குகிறது (எலக்ட்ரான்களை ஏற்கிறது). அப்போது ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன. மொத்த நீரும் 8.1-இல் இருந்தாலும், மின்முனையை ஒட்டிய மெல்லிய அடுக்கு காரத்தன்மை ஏறிப்போகிறது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் இருக்கின்றன. அவை அந்தக் காரத்தில் வெண்படிவாக இறங்குகின்றன. அரிப்பிலிருந்து காக்க எதிர்மின் அழுத்தம் கொடுத்த எஃகுத் தூண்களில், கடலுக்கடியில் படியும் வெள்ளை ஓடும் இதே வழியில் உண்டாவதுதான். அங்கே அது காவல். உங்கள் மின்முனைக்கோ அது மூடி. தாங்கல் கரைசலில் மக்னீசியமும் கிடையாது, காரம் ஏறவும் வழியில்லை. அதனால்தான் அங்கே கோளாறு தெரியவில்லை.

பிஸ்மத்திலும் ஒரு தவறு இருக்கிறது. 2000-இல் மின்வேதியியலாளர் ஜோசப் வாங் குழுவினர் பாதரசத்துக்கு மாற்றாகப் பிஸ்மத் படலத்தை அறிமுகப்படுத்தியபோது, அளந்தது அமிலத்தன்மையுள்ள அசிட்டேட் தாங்கலில். பி.எச். 8-இல், அதுவும் இவ்வளவு குளோரைடு இருக்கும் நீரில், பிஸ்மத் ஆக்சிகுளோரைடாகப் பிரிந்துவிடும். படலம் எனச் சொல்லத்தக்கதாக எதுவும் உருவாகியிருக்காது.

படலத்தைத் தனி அசிட்டேட் கரைசலில் முன்கூட்டியே பூசிவிட்டு, மின்முனையைக் கடல்நீருக்கு மாற்றுங்கள். கடல்நீரிலும் அசிட்டேட் சேர்த்து 4.5-க்குக் கொண்டுவாருங்கள். துத்தநாகத்துக்குத்தான் −1.2 வேண்டும்; நீங்கள் அதை அளக்கவில்லையே, −1.0 வோல்ட்டே போதும். நைட்ரஜன் செலுத்துவதானால் தாங்கல் சேர்த்த பிறகு செலுத்துங்கள்; வெறும் கடல்நீரில் செலுத்தினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.எச். இன்னும் ஏறிவிடும்.

நுண்ணளவு எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். எதுவும் சேர்க்காத கடல்நீரில் முகடு வரவில்லை என்பதற்கு உணரியைக் குறை சொல்லாதீர்கள். திறந்த கடலில் கரைந்த காரீயம் லிட்டருக்குச் சில பத்துப் பிக்கோமோல்தான். 20 பிக்கோமோல் என்று வைத்தாலும் அது 4 நானோகிராம். உங்கள் நேர்க்கோடு தொடங்கும் 5 மைக்ரோகிராம் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். கரையோர நீரில் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் முடிவை "இல்லை" என்று எழுதாமல், "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்றே எழுதுங்கள்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. நீங்கள் சேர்க்கப்போகும் அசிட்டேட்டில் இருக்கும் காரீயமே கடல்நீரில் இருப்பதைவிட அதிகமாக இருக்கக்கூடும். கடல்நீரில் காரீயம் இவ்வளவு என்று முன்பு சொல்லப்பட்ட எண்கள் மாசினால் ஊதிப்போனவை என்பதைப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் தூய அறை கட்டி அளந்துதான் காட்டினார். தூய நீரில் அதே அளவு அசிட்டேட் கலந்து, வெற்றுக் கரைசலாக (மாதிரியே இல்லாத ஒப்பீட்டுக் கரைசலாக) ஒவ்வொரு நாளும் அளந்துவிடுங்கள்.

முகட்டின் இடத்தை வைத்து உலோகத்தை முடிவுசெய்யவும் வேண்டாம். மின்னழுத்தத்தை எதை வைத்து அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு முனை, அதாவது அச்சிட்ட மின்முனையின் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு, நேராக உங்கள் நீரில்தான் இருக்கிறது. குளோரைடு பத்து மடங்கு மாறினால் அதன் அழுத்தம் 59 மில்லிவோல்ட் நகரும். சந்தேகம் வந்தால் ஒரு துளி காரீயம் சேர்த்து, எந்த முகடு வளர்கிறது என்று பாருங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். படலத்தைத் தனியே பூசி, 4.5-இல், நைட்ரஜனோடு, −1.0 வோல்ட்டில் அளந்தேன். பத்து ஓட்டத்திலும் முகடு ஏறக்குறைய ஒரே உயரம். கைவில்லையில் கறுப்பு வட்டம் சுத்தமாக இருக்கிறது. நுண்ணளவு சொன்னது சரிதான், வெற்றுக் கரைசலிலேயே சிறிய காரீய முகடு ஒன்று நிற்கிறது. வேறு அசிட்டேட் புட்டி வாங்கியாக வேண்டும். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்னும் ஒன்று: கடல்நீரில் கோட்டின் சரிவு, தாங்கல் கரைசலில் கிடைத்ததில் முக்கால் பங்குதான். பழைய கோட்டையே பயன்படுத்தலாமா?

ஆழ்நீர் எழுதியது:

கூடாது. ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு காரீயத்தை மூன்று முறை சேர்த்து, அந்த மாதிரியிலேயே கோடு வரையுங்கள். குறையும் அந்தக் கால் பங்கு எங்கே போகிறது என்பதற்கு இனி கரிமுனை சொன்ன புற ஊதாக் கதிரைச் சோதிக்கலாம். ஒரே நீரைக் கதிருக்கு முன்னும் பின்னும் அளந்து, இரண்டு சரிவுகளையும் இங்கே எழுதுங்கள்.