மாடி டாக்கீஸ் (மொட்டை மாடியில படம் போடுற நம்ம குடும்பக் குழு): சனிக்கிழமை என்ன படம்?

கார்த்தி, இரவு 8:41
மாமா போட்ட லிங்க்ல "அந்த நாள்" பத்து நிமிஷம் பாத்தேன். எல்லாரும் குண்டா தெரியுறாய்ங்க, கத்திக் கத்திப் பேசுறாய்ங்க. இத எப்படி ரெண்டு மணி நேரம் பாக்குறது?

பாண்டி மாமா, 8:44
குண்டா தெரியுறது உன் டிவி பண்ற வேல மாப்ள. அது 1954 படம். உயரம் 1ன்னா அகலம் 1.37தான். உன் டிவி 16:9, அதுக்குத் தக்கன இழுத்து நெரப்புது. ரிமோட்ல பிக்சர் சைஸ் போயி 4:3 வையி. ரெண்டு பக்கமும் கருப்பா நிக்கும், நிக்கட்டும்.

கார்த்தி, 8:45
ஜூம் வச்சா கருப்பு வராதுல்ல?

பாண்டி மாமா, 8:46
வராது. உயரத்துல கால்வாசி போயிரும், அம்புட்டுத்தான். துப்பறியிற கதையில மேஜை மேல கிடக்குறதுதான் சேதியே, அத வெட்டிட்டு என்னத்தப் பாப்ப?

மீனா சித்தி, 8:49
கத்துறாய்ங்கன்னு சொன்னியே, சவுண்ட் செட்டிங்ல சரவுண்ட் போட்டிருக்கியா? பழைய படத்துக்கு ஒத்தை டிராக் ஒலி. அத அங்கிட்டு இங்கிட்டு பிரிச்சா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி எதிரொலிக்கும். "ஸ்டாண்டர்ட்" வச்சு பேஸை கொறைச்சிரு. புதுப் படத்துக்கு வேற வைத்தியம். 5.1ல, அதாவது ஆறு சேனலாப் பிரிச்ச ஒலியில, வசனம் நடு சேனல்ல இருக்கும். டிவில நடு ஸ்பீக்கர் இல்லன்னா பேச்சு அமுங்கி சண்டைச் சத்தம் மட்டும் காதைப் பொளக்கும். ஆடியோவ ஸ்டீரியோவுக்கு மாத்து.

செல்வி அத்தை, 8:52
அந்தக் காலத்து நடிகர்கள் பாதிப் பேரு பால சபையில, அதாவது சின்னப் பயலுகள வச்சு நடத்துன நாடகக் குழுவுல, வளந்தவுங்க. நம்ம மதுரையிலயே 1918ல சங்கரதாஸ் சுவாமிகள் ஒண்ணு ஆரம்பிச்சாரு. மைக் இல்லாம கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்ல, குரல் அப்படித்தான் பழகும். ஆனா "அந்த நாள்"ல சிவாஜி ரொம்ப அடக்கி வாசிச்சிருப்பாரு. அங்க கத்தல் கேட்டா மீனா சொன்ன கோளாறுதான்.

மீனா சித்தி, 8:55
இன்னொரு சோதனை. சட்டைப் பை நடிகரோட வலது நெஞ்சுல, முந்தானை வலது தோள்ல இருக்கா? அப்ப காப்புரிமைக்குப் பயந்து படத்தத் திருப்பிப் போட்டிருக்காய்ங்க. ஓடுற நேரத்தையும் பாத்துக்க. நொடிக்கு 24 சட்டத்துல (ஃப்ரேம்ல) எடுத்தத டிவிக்காக 25ல ஓட்டின காப்பின்னா 150 நிமிஷப் படம் 144ல முடிஞ்சிரும். பாட்டுல சுருதி ஏறிக் கேக்கும்.

கார்த்தி, 8:57
4:3 வச்சேன். ஆளு சரியாயிட்டாரு 😄 ஆனா நடக்கும்போது சீரியல் மாதிரி வழுக்குது.

மீனா சித்தி, 8:58
மோஷன் ஸ்மூத்திங். சாம்சங்ல ஆட்டோ மோஷன் ப்ளஸ், எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோம்பாங்க. ரெண்டு சட்டத்துக்கு நடுவுல டிவியே புதுசா ஒண்ணு வரைஞ்சு சொருகுது. அணைச்சிரு. கிரிக்கெட்டுக்கு மட்டும் திருப்பிப் போட்டுக்க.

பெரியப்பா, 9:03
ஒரு பாட்டு கூட இல்லாத படத்த மாடியில போட்டா பிள்ளைக உக்காருமா? "காதலிக்க நேரமில்லை" போடலாம்ல, கலர் படம்.

செல்வி அத்தை, 9:05
போடலாம் அத்தான். 1964 படம், அறுவது வருஷம் தாண்டியும் எடுபடுது. நாகேஷ் பேய்க்கதை சொல்ற காட்சியில சிரிப்பு நாகேஷ்கிட்ட பாதி, கேக்குற பாலையா மூஞ்சியில பாதி. இப்ப வர்ற காமெடியில ஒவ்வொரு வரிக்கும் ஒரு வெட்டு, ஒரு "டொய்ங்". கேக்குறவன் மூஞ்சி மாற நேரமே விடமாட்டேங்குறாய்ங்க. காமெடிக்கு என் அளவுகோல் அதுதான்.

பாண்டி மாமா, 9:09
காமெடி இன்னொரு வாரம் வச்சுக்கலாம் மச்சான். இந்த வாரம் "அந்த நாள்", அடுத்த வாரம் "விருமாண்டி" (2004). காரணம் இருக்கு. ரெண்டுமே ஒரே சங்கதிய ஆளுக்கு ஒரு விதமா சொல்ற கதை. முன்னதுல கொலை நடந்த வீட்ட சுத்தி ஒவ்வொருத்தர் மேலயும் சந்தேகம் போகும். பின்னதுல கொத்தாளன் முதல்ல சொல்லுவான், அப்புறம் விருமாண்டி சொல்லுவான், ரெண்டு பேருமே ஜெயில்ல இருந்து. திரும்ப வர்ற காட்சியில ஆயுதம் யாரு கையில இருக்கு, முதல்ல யாரு பேசுறதுன்னு மட்டும் கவனிங்க. பொய்யி அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ரெண்டாந்தடவை புதுசா ஒண்ணும் தெரியலன்னா அந்த உத்தியே வீண்.

கார்த்தி, 9:11
யாரு சுட்டதுன்னு...

செல்வி அத்தை, 9:11
எவனாச்சும் சொன்னான், குழுவ விட்டுத் தூக்கிருவேன் 😡

மீனா சித்தி, 9:14
விருமாண்டியில பேச்ச படப்பிடிப்புலயே பதிவு பண்ணினாய்ங்க, அதான் ஊர்ப்பேச்சு உசுரோட இருக்கும். மதுரைக்காரன்னு காட்ட வரிக்கு வரி "ஏலே" போடுற படங்களப் பாத்தா எரிச்சலா வருது. ஏலே திருநெல்வேலி. இங்க "அவய்ங்க, இவய்ங்க"தான்.

பெரியப்பா, 9:16
"சுப்ரமணியபுரம்" அந்த விசயத்துல சரி. 1980ன்னு சொல்லிட்டு தியேட்டர்ல "முரட்டுக்காளை" ஓட விட்டாய்ங்க பாரு, வருசம் பிசகல.

கார்த்தி, 9:18
பழசையெல்லாம் 4கேன்னு போடுறாய்ங்களே, அந்தக் காப்பி எடுக்கலாமா?

மீனா சித்தி, 9:20
நெகட்டிவ்ல இருந்து ஸ்கேன் பண்ணினதுன்னா எடு. மத்ததுல பலதும் பழைய வீடியோவ ஊதிப் பெருசாக்குனது. பிலிமுல பொடிப்பொடியா தெரியுற மணியத் தொடச்சா கூடவே தோலும் போயி மூஞ்சி மெழுகு பொம்மையாயிரும். பின்னால இருக்குற போர்டு எழுத்தப் பாரு. கோணலா நெளிஞ்சிருந்தா கம்ப்யூட்டர் தானா வரைஞ்சது.

பாண்டி மாமா, 9:24
சனிக்கிழமைக்கு: 100 இஞ்சு திரைன்னா அகலம் 7¼ அடி, உயரம் 4 அடி சொச்சம். நம்ம புரொஜெக்டருக்கு அகலத்த 1.2ஆல பெருக்கணும், 8.7 அடி தள்ளி வையி. கீழயிருந்து அண்ணாந்து வச்சுராத, படம் மேல விரிஞ்சு சரிவகமாயிரும். புரொஜெக்டர்ல கீஸ்டோன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல நிமித்தலாம், தெளிவு கொறையும். திரையா கட்டுற வேட்டிய இஸ்திரி போட்டு கீழ ஒரு பைப்பு கோத்து விடு, காத்துக்கு ஆடாது. ஒத்தை ஒலிங்குறதால ஒரு ஸ்பீக்கர் போதும், திரைக்கு நேர் கீழ.

பெரியப்பா, 9:26
தெரு லைட்டு நேரா மாடியில அடிக்குமே?

பாண்டி மாமா, 9:27
தண்ணித் தொட்டிக்கு மறுபக்கம் திரையக் கட்டுனா மறைஞ்சிரும். 7:15க்கு ஆரம்பம்.

செல்வி அத்தை, 9:28
பருத்திப்பால் என் பொறுப்பு. டம்ளர் அவுகவுக வீட்ல இருந்து.